மாப்பிள்ளை காலி என்று சொன்ன இடம்

முன்னறையிலிருந்து அந்த இசை கேட்டது. கண்ணாடிக் குவளையை யாரோ விரல் நுனியால் தட்டிவிட்டுப் போனதுபோல இரண்டே விநாடி. அடுப்படியில் வஞ்சிரத் துண்டுகளுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்த நஜீமாவின் கை அப்படியே நின்றது.

அது விண்டோஸ் எழுந்திருக்கும் சத்தம். இப்போது அது கேட்கக் கூடாது.

"ஆஃப்ரின்! எதைத் தொட்ட?"

"நான் ஒண்ணும் தொடலம்மா. நீ ஆன் பண்ணி வைக்கச் சொன்ன, பண்ணேன்."

"மெனு வந்துச்சா?"

"என்னா மெனு?"

"கறுப்பா வருமேடி, ரெண்டு வரி!"

"வரல. நேரா நீலமா வந்து நிக்குது."

மசாலாக் கையோடு நஜீமா முன்னறைக்கு ஓடினாள்.

அவளுடைய லேப்டாப்புக்குள் இரண்டு குடித்தனம். ஒரு பக்கம் விண்டோஸ். மகள் ஆஃப்ரினின் படிப்புக்கும், கணவர் கலீலுல்லாவின் கடை விவகாரங்களுக்கும் அது. மறுபக்கம் லினக்ஸ். அது நஜீமாவுக்கு மட்டும். பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இரண்டு வரிகள் வந்து எது வேண்டும் என்று கேட்கும். பத்து விநாடி சும்மா இருந்தால் மேல் வரியில் உள்ள லினக்ஸ் தானாகத் திறந்துகொள்ளும். அந்தப் பக்கத்தில்தான் ஆறு வருடமாக அவள் வரைந்த நானூற்றுப் பன்னிரண்டு எம்பிராய்டரி டிசைன்கள் இருந்தன. அவளுடைய பிழைப்பு, அவளுடைய பெயர், அவளுடைய கர்வம் எல்லாம் அதற்குள் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். முன்பு ஒருமுறை இப்படி ஆகியிருக்கிறது. எது முதலில் எழ வேண்டும் என்ற வரிசை மாறியிருக்கும், அவ்வளவுதான். அணைத்தாள். மறுபடி போட்டு, மேல் வரிசைப் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பட்டியல் வந்தது. விண்டோஸ் முதலில், லினக்ஸ் இரண்டாவதாக. அப்பாடா என்று மூச்சு விட்டு லினக்ஸைத் தேர்ந்தெடுத்தாள்.

திரை கறுத்தது. ஒரே ஒரு வரி ஆங்கிலத்தில் வந்தது. அப்படியொரு டிவைஸ் இல்லை என்றது. அதன் கீழே ஒரு சிறு கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டு நின்றது.

நஜீமா இரண்டெழுத்துக் கட்டளை ஒன்றை அடித்தாள். டிஸ்க்கில் எத்தனை பாகம் இருக்கிறது என்று கணினி சொல்லும். மூன்று என்றது. தையல் மெஷினுக்கு மேல் இருந்த பழைய நோட்டை எடுத்துப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் அவள் கையாலேயே எழுதி வைத்திருந்தாள்: ஐந்து பாகம். நாலாவதும் ஐந்தாவதும் லினக்ஸ்.

இரண்டு பாகத்தைக் காணோம். கெட்டுப்போனால் காட்டும். இது கெட்டுப்போகவில்லை. யாரோ எடுத்திருக்கிறார்கள்.

"என்னங்க!"

அந்தக் குரலில் வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த கலீலுல்லா தாளோடு உள்ளே வந்தார். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் நூல், பட்டன், லேஸ் விற்கும் கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் இருப்பார். யாரிடமும் சத்தம் போட்டுப் பேசாதவர்.

"என் லேப்டாப்பை யாரு தொட்டது?"

அவர் முகம் மலர்ந்தது. அதுதான் கொடுமை.

"பாத்துட்டியா? சொல்லணும்னே இருந்தேன். வியாழக்கிழமை நீ கோரிமேட்டுக்கு உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தப்ப, மாப்பிள்ளை வராருன்னு நான் கடையைச் சாத்திட்டு வந்தேன் இல்ல, அவருதான். 'மாமா, ஆன் பண்ணா கறுப்பா வந்து கேள்வி கேக்குதே, இது வைரஸ்'னாரு. ஒரு மணி நேரம் உக்காந்து எல்லாத்தையும் சுத்தம் பண்ணாரு. இப்ப எவ்ளோ ஸ்பீடு பாரு!"

"சுத்தம் பண்ணாரா?"

"ஆமா. ரெண்டு இடம் சும்மாவே கெடந்துச்சாம். அதைத் தூக்கிட்டாரு. இன்னிக்கு வந்து அதைச் சேத்து ஒரு டி டிரைவ் போட்டுத் தரேன்னிருக்காரு. பதினோரு மணிக்கு வராரு."

நஜீமாவுக்குக் காதுக்குள் ரத்தம் கொதித்தது. அந்தச் சத்தத்தை அவளே கேட்டாள்.

"யாரைக் கேட்டுக் கொடுத்தீங்க?"

"மாப்பிள்ளை கேட்டா எப்டி நஜீ மாட்டேன்றது?"

எப்படி மாட்டேன் என்பது? இந்தக் கேள்விக்கு அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகப் பதில் இல்லை. மாப்பிள்ளை நன்றாயிருக்கிறது என்றால் அந்தப் பொருள் காகிதம் சுற்றி அவர் வீட்டுக்குப் போய்விடும். கலீலுல்லாவின் சகோதரியைக் கட்டிய மச்சான் ஒருகாலத்தில் வாய் தவறிப் பாராட்டிய டேபிள் ஃபேன் இன்றைக்கும் கடலூரில் சுற்றிக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளை கை வைத்தால் தடுக்கக் கூடாது. மாப்பிள்ளை செய்தால் தப்பு என்று சொல்லக் கூடாது.

இந்த மாப்பிள்ளையின் பெயர் ஷஃபீக். கோட்டக்குப்பத்துப் பையன். வளைகுடா நாட்டில் ஒரு கடையில் ஐந்து வருடமாக செல்போன் விற்கிறான். பளபளவென்று போன் வைத்திருப்பதால் கம்ப்யூட்டர் அத்தனையும் அவனுக்கு அத்துபடி என்று இரண்டு குடும்பமும் நம்பியது. அவனும் நம்பினான். அடுத்த மாதம் ஆஃப்ரினோடு நிக்காஹ், அதற்காக விடுப்பில் வந்திருக்கிறான்.

நஜீமா மகள் பக்கம் திரும்பினாள். "நீ எங்கடி போன? வீட்டுலதானே இருந்த?"

"உள் ரூம்ல இருந்தேன். நிச்சயம் ஆன பொண்ணு மாப்பிள்ளை முன்னாடி வரக் கூடாதுன்னு நீதானே உக்கார வச்ச? அந்த டிங் சத்தம் மூணு தடவை கேட்டுச்சு. ஏதோ பாக்கறாருன்னு நெனச்சேன்."

மகளை அறைக்குள் உட்காரவைத்தது அவள். வெள்ளியும் சனியும் கல்யாண அழைப்புக்கு ஊர் சுற்றியதில் லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் இருந்ததும் அவள்தான். கோபத்தில் பாதி அவள்மேலேயே திரும்பிப் பாய்ந்தது. மீதிப் பாதி போதாதா!

போன் எடுத்தாள். தனக்குக் கணினி சொல்லிக்கொடுத்த சுடர்விழி டீச்சரைக் கூப்பிட்டாள்.

"நஜீமாக்கா, சொல்லுங்க."

"டீச்சர், லினக்ஸ் பார்ட்டிஷனை அழிச்சிட்டாங்க."

"அழிச்சதோட நிறுத்தினாங்களா, மேல ஏதாவது போட்டாங்களா?"

"இல்ல. இன்னிக்கு வந்து போடறாங்களாம்."

"அப்போ பயப்படாதீங்க. அழிச்சது கதவு நம்பரை மட்டும்தான், வீடு உள்ளேயே இருக்கு. ஆனா அக்கா, அந்த டிஸ்க்ல இனிமே ஒரு எழுத்துகூட விழக் கூடாது. விண்டோஸைத் திறக்கவே திறக்காதீங்க. யாராவது ஃபார்மேட் பண்ணா அப்புறம் என்னால ஒண்ணும் முடியாது. நான் கொடுத்த பென்டிரைவ் இருக்கா?"

"இருக்கு."

"காப்பி எடுத்து வச்சிருக்கீங்களா?"

நஜீமா கண்ணை மூடிக்கொண்டாள். காப்பி இருந்தது. தனி டிஸ்க் ஒன்றில், மாதம் தவறாமல். நிச்சயதார்த்த வீடியோவைக் கொடுக்க வீடியோக்காரர் ஒரு டிஸ்க் கேட்டபோது, புதிதாய் வாங்கிக்கொள்ளலாம் என்று அதை வழித்துக் கொடுத்துவிட்டாள். அந்த டிஸ்க் முழுக்க இப்போது பிரியாணி பரிமாறும் காட்சிதான் இருக்கிறது.

"இல்ல டீச்சர்."

"சரி. பென்டிரைவ்ல போட்டுத் தேட விடுங்க. பழைய டிஸ்க், நேரம் ஆகும். அதுவரைக்கும் யாரையும் கிட்ட விடாதீங்க."

நஜீமா பென்டிரைவைச் செருகினாள். அதிலிருந்தே எழுந்த கணினியில் தேடும் நிரலைத் திறந்து, டிஸ்க்கைக் காட்டி, தொலைந்த பாகங்களைத் தேடச் சொன்னாள். கறுப்புத் திரையின் மேலே எண்கள் ஓடத் தொடங்கின. ஒரு சதவீதம். நெடுநேரம் கழித்து இரண்டு.

நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். ஐ.சி.யூ. வாசலில் உட்காருவதுபோல.

யார் இந்த நஜீமா? துணிக்கடையில் கெஜம் அளந்த ஒருவரின் நாலாவது பெண். பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தவள். கல்லூரி விண்ணப்பத் தாள் வாங்கி வந்து அலமாரியில் வைத்தாள். அதைப் பூர்த்தி செய்வதற்குள் கலீலுல்லாவுக்குப் பேசி முடித்துவிட்டார்கள். பத்தொன்பது வயது. அழுதாள், பிறகு சமைத்தாள். எல்லோரும் அப்படித்தானே?

ஆனால் அவள் கை சும்மா இருக்காது. தெருவில் எந்தக் கல்யாணம் என்றாலும் மருதாணிக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். மதியத்தில் கணவருக்குச் சோறு கொண்டுபோய், அவர் கண் அசரும் நேரத்தில் கடையில் உட்கார்ந்திருப்பாள். லேஸ் வாங்க வரும் பெண்கள் சட்டைக் கையை நீட்டி, "இதுக்கு ஏத்தாப்புல ஒரு பூ வரைஞ்சு குடேன்" என்பார்கள். பில் தாளின் பின்பக்கத்தில் வரைந்து கொடுப்பாள்.

அப்படிக் கிடந்த ஒரு தாளைத்தான் நூல் வாங்க வந்த வெற்றிச்செல்வன் பார்த்தார். தட்டாஞ்சாவடியில் எம்பிராய்டரி மெஷின் பட்டறை வைத்திருப்பவர். "அக்கா, இதைக் கம்ப்யூட்டர்ல போட்டுத் தந்தா என் மெஷின் பன்னெண்டு ஊசியில ஒரே நேரத்துல தைக்கும்" என்றார். அதற்கான மென்பொருளின் விலையைக் கேட்டதும் கலீலுல்லா சிரித்துவிட்டார். விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

லாஸ்பேட்டையில் சுடர்விழி என்ற கல்லூரி ஆசிரியை ஞாயிறுதோறும் பெண்களுக்கு இலவசமாகக் கணினி சொல்லித்தருகிறார், காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸில் காசில்லாமலே எம்பிராய்டரி வரையலாம் என்று யாரோ சொன்னார்கள். அப்போது நஜீமாவுக்கு முப்பத்தெட்டு வயது. கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். "கெழவி காலேஜுக்குப் போறா" என்று கொழுந்தன் பெண்டாட்டி சொன்னது காதில் விழுந்தது. மறு ஞாயிறும் போனாள்.

மூன்று மாதம் கழித்து அவள் வரைந்த முதல் பூவைப் பட்டறை மெஷின் தைத்தது. ஊசி இறங்கிய ஒவ்வொரு இடமும் அவள் சொன்ன இடம். அந்தத் துணித்துண்டைக் கொண்டுவந்து கலீலுல்லாவிடம் காட்டினாள். "நல்லாருக்கு. சாப்பாடு ஆயிடுச்சா?" என்றார் அவர். துண்டை மடித்து வைத்துவிட்டுச் சோறு போட்டாள்.

கடற்கரைப் பக்கத்துப் பழைய வீடுகளின் இரும்புக் கிராதி, பள்ளிவாசல் ஜன்னலின் வளைவு, மழைநாளில் கடல் கக்கும் நுரை என்று கண்ணில் பட்டதெல்லாம் அவளிடம் வந்து நூலாயிற்று. இன்று புதுச்சேரியில் எத்தனையோ பெண்களின் புர்காக் கையில் அவள் பூ இருக்கிறது. எந்தப் பூவிலும் அவள் பெயர் இல்லை. அந்த வீட்டிலும் யாரும் ஒருநாளும், "நஜீமா, நீ என்ன செய்யற?" என்று கேட்டதில்லை. அவள் வேலைக்கு வீட்டில் வைத்திருந்த பெயர், "அம்மாவோட கறுப்பு ஸ்க்ரீன்."

முப்பத்தாறு சதவீதம்.

போன் அடித்தது. வெற்றிச்செல்வன். "அக்கா, நாளைக்குக் காலையில மெஷின்ல ஏத்தணும். அந்தப் பன்னெண்டு கை டிசைன் ரெடியா?"

"ராத்திரிக்குள்ள அனுப்பறேன் தம்பி."

"ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. கல்யாண வேலை." பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தாள்.

பதினொன்றரைக்கு வாசலில் பைக் நின்றது.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமா!"

"வ அலைக்கும் ஸலாம். வாங்க மாப்பிள்ளை, வாங்க வாங்க!" கலீலுல்லா ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்தார். ஆஃப்ரின் உள் அறைக்குப் போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஷஃபீக் வாட்டசாட்டமாக, அத்தர் மணக்க உள்ளே வந்தான். பழப் பையை மேசையில் வைத்தான். திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"என்ன மாமி, மறுபடியும் கறுப்பா? அன்னிக்கே சரி பண்ணிட்டேனே! வைரஸ் திரும்ப வந்துடுச்சு போல."

"அது வைரஸ் இல்ல மாப்பிள்ளை," என்றாள் நஜீமா. குரலை எவ்வளவு அடக்க முடியுமோ அவ்வளவு அடக்கியிருந்தாள். "நான்தான் போட்டு வச்சிருக்கேன். அது ஓடட்டும். நீங்க டீ குடிங்க."

"அட, நீங்க எதுக்கு மாமி கஷ்டப்படறீங்க? நவுருங்க, ரெண்டு நிமிஷம். ஆஃப் பண்ணிட்டு விண்டோஸ்ல போய் டி டிரைவ் போட்டேன்னா முடிஞ்சுது."

"வேணாம் மாப்பிள்ளை."

"மாமிக்கு பயம்," என்று கலீலுல்லாவைப் பார்த்துக் கண்ணடித்தான். அவரும் சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்பின் துணிச்சலில் ஷஃபீக் அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, லேப்டாப்பின் பொத்தானில் விரலை வைத்தான்.

"கையை எடு!"

வீடு அதிர்ந்தது. எடுங்க இல்லை, எடு. மாப்பிள்ளையை! கலீலுல்லா கையிலிருந்த டீக் குவளையைக் கீழே வைத்துவிட்டார். திரைச்சீலை ஒருமுறை அசைந்து நின்றது.

ஷஃபீக் கையை எடுத்தான். முகம் கறுத்துவிட்டது.

"நான் என்ன மாமி தப்பு பண்ணேன்? நல்லதுதானே செஞ்சேன்?"

"எது நல்லது? ஆறு வருஷம் நான் வரைஞ்சதை அழிச்சது நல்லதா?"

"நான் எதையும் அழிக்கல. அது காலி. ரெண்டு இடம் பேர்கூட இல்லாம சும்மா கெடந்துச்சு. நூறு சதவீதம் காலின்னு விண்டோஸே காட்டுச்சு. நான் என் கண்ணால பாத்தேன்."

நஜீமா எழுந்து நின்றாள்.

"விண்டோஸுக்கு லினக்ஸ் எழுத்தைப் படிக்கத் தெரியாது மாப்பிள்ளை. தனக்குப் படிக்கத் தெரியாததை அது காலின்னு சொல்லும். அது மெஷின், அதுக்கு மூளை இல்ல. உங்களுக்கு என்னா? ஒருத்தர் வீட்டுக்கு வந்திருக்கீங்க. பூட்டின ரூம் ரெண்டு இருக்கு. உள்ள என்னா இருக்குன்னு தெரியல. தெரியலன்னா காலின்னு இடிச்சிருவீங்களா? போன் எடுத்து, 'மாமி, இது என்னா'ன்னு ஒரு வார்த்தை கேக்கறதுக்கு என்னா வந்துச்சு?"

"மாமிக்குக் கம்ப்யூட்டர் தெரியும்னு எனக்கு யாருமே சொல்லலையே!" ஷஃபீக் கலீலுல்லாவைப் பார்த்தான். "மாமாகிட்ட கேட்டேன். 'இது யாரு யூஸ் பண்றது'ன்னு. 'சும்மா வீட்டுக்குத்தான்'னாரு."

நஜீமா கணவர் பக்கம் திரும்பினாள்.

கலீலுல்லா தரையைப் பார்த்தார்.

சும்மா வீட்டுக்குத்தான்! அவர் கடையில் விற்கும் நூலில் பாதி எந்த டிசைனுக்காகப் போகிறது? ஆஃப்ரினின் கல்லூரிப் படிப்பு எந்தக் கறுப்புத் திரையிலிருந்து நடந்தது? இருபத்தைந்து வருடம் பக்கத்திலேயே இருந்த மனிதருக்கு, பெண்டாட்டி என்ன செய்கிறாள் என்று ஒரு விருந்தாளியிடம் சொல்ல நான்கு வார்த்தை கிடைக்கவில்லை. மாப்பிள்ளை அழித்ததைவிட அது ஆழமாக இறங்கியது.

அவள் அழவில்லை. அழுதால் அவர்கள் ஆறுதல் சொல்வார்கள். அது இப்போது அவளுக்கு வேண்டாம்.

பின்னால் திரை மாறியது. தேடல் முடிந்திருந்தது. நஜீமா உட்கார்ந்தாள். விண்டோஸின் மூன்று பாகங்களுக்குக் கீழே பச்சை எழுத்தில் இன்னும் இரண்டு வரிகள். பெரியதை நிறுத்தி, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டச் சொல்லும் எழுத்தை அழுத்தினாள்.

பெயர்கள் வந்தன. கிராதி ஒன்று. கிராதி இரண்டு. நுரை. மல்லிமொட்டு சின்னது. மல்லிமொட்டு பெரியது. வளைவு, வளைவு கறுப்புத் துணிக்கு. பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டே இருந்தது.

"படிங்க மாப்பிள்ளை," என்றாள். "காலி இடத்துல எவ்ளோ இருக்குன்னு படிங்க."

ஷஃபீக் படிக்கவில்லை. கலீலுல்லா மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு கிட்டே வந்தார். உதடு அசைய, ஒவ்வொன்றாகப் படித்தார். படித்து முடிகிற பட்டியலாக அது இல்லை.

பாகங்களை முன்பிருந்தபடி எழுதச் சொல்லி ஆணையிட்டாள் நஜீமா. உறுதியா என்று கேட்டது. ஆமாம் என்றாள். பென்டிரைவைப் பிடுங்கி, மறுபடி எழுப்பி, வரிசையில் லினக்ஸைத் தேர்ந்தெடுத்தாள். கறுப்புத் திரை. வெள்ளை எழுத்தில் இரண்டு வரிகள். பத்து, ஒன்பது, எட்டு என்று எண் இறங்கியது. அந்தப் பத்து விநாடியில் அவள் ஓதாத துஆ இல்லை.

திறந்தது. நானூற்றுப் பன்னிரண்டும் இருந்தன. நாளைக்குப் போக வேண்டிய பன்னிரண்டு கை டிசைன்களும் அந்த நானூற்றுப் பன்னிரண்டில் வரிசையாக இருந்தன.

நஜீமா நாற்காலியில் சாய்ந்தாள். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும். தெரியாமல் செய்துவிட்டேன் என்ற ஒரே ஒரு வார்த்தை. எழுந்துபோய் மீனைப் பொரித்து இலை போட்டிருப்பாள்.

"அதான் வந்துடுச்சு இல்ல?" என்றான் ஷஃபீக். "அப்புறம் எதுக்கு மாமி இவ்ளோ சீன்?"

"தானா வரல. நான் கொண்டாந்தேன். நீங்க தொலைச்சதை நான் கொண்டாந்தேன். நீங்க வர்ற நேரத்துக்கு நான் குளிக்கப் போயிருந்தா, இப்ப அதுக்கு மேல டி டிரைவ் போட்டுட்டு டீ குடிச்சிட்டு இருப்பீங்க. தப்புன்னு சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"நான் எதுக்குச் சொல்லணும்?" அவன் கலீலுல்லாவிடம் திரும்பினான். "மாமா, எங்க வீட்டுலயும் பொம்பளைங்க இருக்காங்க. மாப்பிள்ளைகிட்ட இப்படிக் குரலை ஒசத்த மாட்டாங்க. மாமிக்குக் கொஞ்சம் சொல்லி வைங்க."

திரைச்சீலை விலகியது. ஆஃப்ரின் வெளியே வந்தாள். கையில் போன்.

"நீ உள்ள போ ஆஃப்ரின்," என்றான் ஷஃபீக். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. குரலுக்கு மட்டும் ஆகிவிட்டிருந்தது.

அவள் போகவில்லை. அம்மாவைப் பார்த்தே பேசினாள்.

"அம்மா, வியாழக்கிழமை ராத்திரி இவரு எனக்கு மெசேஜ் போட்டாரு. 'உங்க அம்மா லேப்டாப்பை க்ளீன் பண்ணிட்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் உன் போனையும் இதே மாதிரி க்ளீன் பண்ணணும்'னு. நான் சிரிக்கற பொம்மை அனுப்பினேன்மா. தமாஷுன்னு நெனச்சுட்டேன்."

"தமாஷுதான்," என்றான் ஷஃபீக்.

"இல்லங்க," என்றாள் ஆஃப்ரின். முதல்முறையாக அவனை நேருக்கு நேர் பார்த்தாள். "இப்பதான் புரியுது. உங்களுக்குப் புரியாதது எல்லாம் உங்களுக்குக் குப்பை. என் போன்ல பரீட்சை நோட்ஸ் இருக்கு, ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க. அதெல்லாம் உங்க கண்ணுக்கு என்னவா தெரியுமோ! அம்மா கேட்டது ஒரு வார்த்தை. அதைச் சொல்லிட்டுப் போங்க."

அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று பேர் காத்திருந்தார்கள். ஷஃபீக் பைக் சாவியை விரலில் சுழற்றினான். நிறுத்தினான்.

"நான் எங்க வீட்டுல பேசறேன்," என்றான். அது மிரட்டல். கல்யாணத்தையே நிறுத்திவிடுவேன் என்ற மிரட்டல். அதைச் சொன்னால் எந்தப் பெண் வீடும் இறங்கி வரும் என்று அவனுக்குத் தெரியும்.

"தாராளமா பேசுங்க," என்றாள் நஜீமா. "மாமி கத்தினான்னு சொல்லுங்க. எதுக்குக் கத்தினான்னும் சேர்த்துச் சொல்லுங்க. பாதியைச் சொல்லிட்டு மீதியைக் காலின்னு விட்றாதீங்க."

ஷஃபீக் கடைசியாகக் கலீலுல்லாவைப் பார்த்தான். இந்த வீட்டின் ஆம்பளை அவர்தானே. "மாமா, நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

கலீலுல்லா கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். அவர் மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நஜீமா நினைத்தாள். இருபத்தைந்து வருட அனுபவம் அவளுக்கு அப்படித்தான் சொன்னது. அவள் வாயில் அதற்கான வசவு தயாராகவே இருந்தது.

"சொல்றேன் மாப்பிள்ளை," என்றார். "அன்னிக்கு நீங்க யாரு யூஸ் பண்றதுன்னு கேட்டீங்க. தப்பா சொல்லிட்டேன். இது என் பொண்டாட்டியோடது. அவ டிசைன் வரையற வேலை செய்யறா. தட்டாஞ்சாவடியில மெஷினே அவ சொன்னாத்தான் ஓடும். இதை அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும். என் தப்புக்கு நான் அவகிட்ட பேசிக்கறேன். உங்க தப்பு உங்களோடது."

"அப்போ நான் போவட்டா?"

"ஒரு வார்த்தை சொல்லிட்டு உக்காருங்க. இல்லன்னா கெளம்புங்க."

ஷஃபீக் பழப் பையைப் பார்த்தான், எடுப்பதா விடுவதா என்று. எடுத்துக்கொண்டான். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

மாப்பிள்ளை கிளம்பினால் தெருமுனைவரை கூடவே நடந்துபோய், பைக் திரும்பி மறையும்வரை நின்று கையாட்டிவிட்டு வருவதுதான் மாமனார்கள் வழக்கம். அவன் படியிறங்கி நின்று திரும்பிப் பார்த்தான், அவர் வருவார் என்று. கலீலுல்லா நிலைப்படிவரை வந்தார். அங்கேயே நின்றார். பிறகு இரண்டு கதவுகளையும் இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார்.